பிரவுசர் ஆட்டங்கள்: ஒரு சாதாரண ஆட்டக்காரனின் கணக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "லேத் பற்றி எழுது, இல்லேன்னா அப்துல் கலாம் பற்றி எழுது" என்றார்கள். இரண்டுமே போன வருட மலரில் வந்தாச்சு. ஆகவே நம்மில் பெரும்பாலோர் தினமும் செய்கிற, ஆனால் சார் முன்னால் ஒத்துக்கொள்ளாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். பிரவுசரைத் திறந்தவுடன் காசில்லாமல் விளையாடுகிற சின்னச் சின்ன ஆட்டங்கள்தான் அது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய ஆட்டக்காரன் கிடையாது. எங்க வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. இருப்பது ஒரே போன். அதுவும் அப்பா கொத்து வேலை முடிந்து வந்த பிறகுதான் என் கைக்கு வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதில் தங்கைக்கும் பங்கு உண்டு. எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான் என்பதால், போனைக் கையில் எடுத்தாலே "தம்பி படிக்கிறான்" என்று அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடும். அந்தச் சத்தம் குறைகிற நேரத்தில் திரையில் பாம்பு வளர்த்துக்கொண்டிருந்தால் மனசு உறுத்தத்தான் செய்யும். அதனால் எந்த ஆட்டமாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்: இது என்னை எப்போ விடும்?

இலவசம் என்று போட்டிருப்பதால் எல்லாம் ஒரே ஜாதி ஆட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கேள்வியை வைத்து உரசினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டும்.

நம்ம எல்லோருக்கும் தெரிந்த டைனோசரிலிருந்து வருவோம். நெட் கட்டானால் குரோம் பிரவுசரில் வருகிற அந்தக் குட்டி டைனோசர் 2014 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கள்ளிச் செடியைத் தாண்டும். விளம்பரம் இல்லை, டேட்டா செலவு இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை. இதை முடிக்க வேண்டுமானால் 1 கோடியே 70 லட்சம் ஆண்டு ஆகும் என்று செய்தவர்களே விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முடிவே இல்லாத இந்த ஆட்டம்தான் நம்மைச் சுலபமாக விடுகிறது. நெட் வந்தால் நாமே போய்விடுவோம்!

மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் இதில் எனக்குப் பிடித்தது வேகக் கணக்கு. இதன் நிரல் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. அதில் ஆரம்ப வேகம் 6, உச்ச வேகம் 13, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுவது 0.001 என்று இருக்கிறது. அதாவது 7 கூடுவதற்கு 7000 ஃபிரேம் வேண்டும். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 117 விநாடி. ஆக, இரண்டு நிமிடத்துக்குப் பிறகு டைனோசரின் வேகம் கூடுவதே இல்லை. "போகப் போக வேகமாகுதுடா" என்று கத்துகிறோமே, அது நம்ம கை நடுக்கம். முதல் செமஸ்டரில் படித்த முடுக்கச் சமன்பாடு இவ்வளவு தெளிவாக எனக்குப் புத்தகத்தில்கூடப் புரிந்ததில்லை.

அடுத்து வேர்டில். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்பில் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காகச் செய்ததை 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். நவம்பர் முதல் தேதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் 3 லட்சம். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை விலைக்கு வாங்கியது. இதன் சிறப்பு, நாளைக்கு ஒரே ஒரு புதிர்தான். முடித்தால் நாளை வா என்று கதவைச் சாத்திவிடும். என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த ஆட்டமும் சொன்னதில்லை.

நானும் உங்களில் பலரைப்போல் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு எங்கே போவது என்று முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம், நம்ம ஒர்க்‌ஷாப்பில் பாதி ஐந்தெழுத்துதான். லேத், ஷாஃப்ட், டிரில், கிராங்க், பெவல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். முதல் வாய்ப்பாக நான் 'லேத்' போடுவேன், அதில் இரண்டு உயிரெழுத்து இருக்கிறது. 'கேஜ்' மட்டும் முதலில் போடாதீர்கள். 'ஜி' இரண்டு முறை வருவதால் ஒரு கட்டம் வீணாகும்.

இப்போது விடாத ஆட்டங்கள். குக்கி கிளிக்கர் என்று ஒன்று, 2013-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் செய்தது. பிஸ்கட் படத்தை மவுஸால் தட்டத் தட்ட பிஸ்கட் சேரும். சேர்ந்த பிஸ்கட்டைக் கொடுத்துப் பாட்டிகளை விலைக்கு வாங்கினால், நாம் சும்மா இருக்கும்போதும் அவர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது கூட்டு வட்டி. ஒரு பொருளை வாங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடுத்த விலை 15 சதவீதம் ஏறும். ஐந்து வாங்குவதற்குள் விலை இரட்டிப்பு. 15 பிஸ்கட்டில் ஆரம்பிக்கிற முதல் பொருள், 50 வாங்கிய பிறகு 16 ஆயிரத்துக்கு மேல். வட்டிக்கு வாங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோடு எப்படி மேலே ஏறும் என்று தெரியும். தோற்கவும் முடியாது, முடிக்கவும் மனசு வராது. செய்தவரே இந்த வகை ஆட்டங்களைக் கேலி செய்யத்தான் செய்தார் என்று எனக்குத் தோன்றும். கணக்குப் புரிந்ததும் நான் நிறுத்திக்கொண்டேன்.

அகார், ஸ்லிதர் வகை வேறு தினுசு. 2015-இல் அகாரை உருவாக்கியவர் பிரேசில் நாட்டின் 19 வயதுப் பையன். மறு வருடம் ஸ்லிதர் வந்தது. ஸ்லிதரில் எவ்வளவு பெரிய பாம்பானாலும் தலை அடுத்தவன் உடம்பில் பட்டால் காலி. அதனால் இப்போதுதான் பிறந்த பொடிப் பாம்புகூட முதலிடத்தில் இருப்பவனை வீழ்த்தலாம். இந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரச்சினை வேறு இடத்தில். செத்த மறு விநாடி 'மறுபடி ஆடு' பட்டன் நிற்கிறது. தோற்ற கோபத்தில் விரல் தானாகப் போகும். 'இன்னும் ஒரே ஆட்டம்' என்று நம்ம ஹாஸ்டலில் எத்தனை மணி வரை கேட்கிறது என்பதை இங்கே எழுத வேண்டாம். மேலும் இது முழுக்க நெட்டை நம்பிய ஆட்டம். சிக்னல் ஒரு விநாடி தடுமாறினால் பத்து நிமிட உழைப்பு போச்சு.

விளம்பரம் பற்றி ஒரு எச்சரிக்கை. இலவச ஆட்டங்களை அடுக்கி வைத்திருக்கும் பக்கங்கள் பலவற்றில் பெரிய பச்சை பட்டன் இருக்கும். அது பெரும்பாலும் ஆட்டத்தின் பட்டன் அல்ல, விளம்பரம். உண்மையான பட்டன் ஓரமாகச் சின்னதாக இருக்கும். 'அறிவிப்புகளை அனுமதிக்கவா?' என்று கேட்டால் அனுமதிக்காதீர்கள். பிறகு இரவு பன்னிரண்டு மணிக்கும் போன் ஒலிக்கும். பணம் கட்டி ஆடச் சொன்னால் அது நம்ம தலைப்பே இல்லை. அப்படிப்பட்ட ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.

பழைய பிரவுசிங் சென்டர் காலத்து அண்ணன்மார்கள் ஆடிய ஆட்டங்கள் ஏன் இப்போது திறப்பதில்லை என்று சிலர் கேட்டார்கள். அவையெல்லாம் ஃபிளாஷ் என்ற மென்பொருளின் மேல் நின்றவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதற்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடுவதும் தடைபட்டது. அஸ்திவாரத்தை எடுத்தால் வீடு நிற்குமா? நல்ல வேளையாக ஃபிளாஷ்பாயின்ட், ரஃபிள் என்று சில தன்னார்வ முயற்சிகள் அவற்றில் நிறைய ஆட்டங்களைக் காப்பாற்றி வைத்துள்ளன.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த 2048. இத்தாலியின் கேப்ரியேலே சிருல்லி 2014 மார்ச்சில் ஒரு வார இறுதியில் செய்தது. அப்போது அவருக்கு வயது 19, நம்ம இறுதியாண்டு அண்ணன்மார் வயது! நான்குக்கு நான்கு, பதினாறு கட்டம். ஒரே எண்கள் மோதினால் கூடி ஒன்றாகும். 2, 4, 8 என்று போய் 2048-ஐத் தொட வேண்டும். புதிதாக விழும் எண் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை 2, மீதி 4. சராசரி 2.2. எனவே 2048 சேர ஏறக்குறைய 930 நகர்த்தல் தேவை. இது எப்போ விடும் என்று ஆடுவதற்கு முன்பே கணக்குப் போடலாம். உத்தி ஒன்றுதான்: பெரிய எண்ணைக் கீழ் மூலையில் உட்கார வைத்து, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய மேல் அம்புக்குறியைத் தொடாதீர்கள்.

நான் இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், சிருல்லி இதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம் என்று திறந்து வைத்ததுதான். ஒரு மெஷினின் மூடியைக் கழற்றிப் பார்க்க நம்மை யாரும் எளிதில் விடுவதில்லை. இங்கே மூடியே கிடையாது. சில கோப்புகள்தான். அதில் 'ஆட்ட மேலாளர்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் 4 என்று ஓர் எண் இருக்கும். அதை 5 ஆக்கினால் கணக்கு ஐந்துக்கு ஐந்தாக மாறிவிடும். ஆனால் பின்னால் வரைந்திருக்கும் பலகை நான்குக்கு நான்காகவே இருப்பதால், ஐந்தாவது வரிசை எண் சரியான இடத்தில் நிற்காது. பலகையை வரைகிற கோப்பிலும் ஒரு வரிசையும் ஒரு நிரலும் சேர்த்து, அகலத்தையும் கூட்ட வேண்டும். எனக்கு லேபில் இரண்டு பீரியட் ஆனது. கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

முழுக் கோப்பும் என் பென்டிரைவில் இருக்கிறது, நெட் இல்லாமலே ஓடும். வேண்டியவர்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் மதிய இடைவேளையில் வந்து கேளுங்கள்.