பூரியில் மூன்று நாள்

ஒடிசா மாநிலத்தில் வங்கக் கடல் ஓரமாக ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் பூரி. நாம் தின்னும் பூரி அல்ல. புரி என்றால் வடமொழியில் ஊர் என்று பொருள்.

பூரிக்கு மக்கள் இரண்டு காரணங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று, ஜகந்நாதர் கோயில். மற்றொன்று, நீண்ட மணல் கடற்கரை.

ஓர் அத்தையும் மாமாவும் அங்கே போனார்கள். தம்பி மகளும் துணைக்குப் போனாள். அத்தைக்கு வயது ஐம்பத்தாறு. ஐம்பது வயதுக்குப் பிறகுதான் எழுத்துக் கற்றுக்கொண்டார். இப்போது எங்கே போனாலும் கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். பார்த்ததை எழுதுவார். செலவை எழுதுவார்.

அவர்களோடு நாமும் பூரிக்குப் போய் வருவோம், வாருங்கள்.

வழியும் எழுத்தும்

சென்னையிலிருந்து கொல்கத்தா பக்கம் போகும் ரயில்கள் பல, குர்தா ரோடு என்ற நிலையத்தின் வழியாகப் போகின்றன. அங்கே இறங்கி வேறு ரயில் ஏறினால் பூரி 44 கி.மீ. தூரம். ஒடிசாவின் தலைநகரான புவனேசுவரத்திலிருந்து சாலை வழியாக வந்தால் சுமார் 60 கி.மீ.

பூரி நிலையத்தில் இறங்கியதும் அத்தை பெயர்ப் பலகையைப் பார்த்தார். ஒடியா, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அத்தையின் முகம் வாடிவிட்டது.

"என்ன அத்தை?" என்று கேட்டாள் மருமகள்.

"கஷ்டப்பட்டு எழுத்துப் படிச்சேன். இங்க வந்தா மறுபடியும் கண்ணு தெரியாதவளா ஆயிட்டேனே!"

"எனக்கும்தான் ஒடியா தெரியாது அத்தை. தெரியாததைக் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். அதுல என்ன வெட்கம்?"

அத்தை யோசித்தார். முன்பெல்லாம் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயரைக் கேட்கவே கூச்சப்படுவார். 'படிக்காதவள்' என்று நினைப்பார்களே என்ற பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. நேராகத் தகவல் அறைக்குப் போனார்கள். தங்கும் இடத்துக்கு ஆட்டோ வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள். அத்தை அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஏறும் முன்பே ஓட்டுநரிடம் வாடகை பேசினார்கள். இறங்கும்போது சண்டை வரவில்லை.

முதல் நாள்: கடல்

விடியும் முன்பே கடற்கரைக்குப் போனார்கள். கடலுக்குள்ளிருந்து சூரியன் செக்கச் செவேல் என்று எழுந்தது.

கரையோரம் பெந்தகட்டா என்ற பெரிய மீனவர் குடியிருப்பு இருக்கிறது. இங்கே வாழும் மீனவர்களை நோலியா என்று அழைக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசுகிறவர்கள். இவர்களுடைய முன்னோர் ஆந்திரக் கரையிலிருந்து வந்தவர்கள். காலையில் படகுகள் கரை சேரும்போது இங்கே ஒரே கூட்டம். பெண்கள் கூடைகளோடு நிற்கிறார்கள். ஏலம் நடக்கிறது. "சேப்பலு" என்று ஒரு பெண் மீனைக் காட்டிச் சொன்னார். "மீன்" என்றார் அத்தை. இருவரும் சிரித்தார்கள்.

பிறகு குளிக்கும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு கம்பத்தில் சிவப்புக் கொடி பறந்தது. சற்றுத் தள்ளி, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தன. அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் பலர் குளித்தார்கள். அங்கே அலை அடித்துக்கொண்டே இருந்தது. சிவப்புக் கொடிக்கு எதிரே மட்டும் அலை இல்லை. தண்ணீர் அமைதியாக இருந்தது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "அங்க ஒரே அலையா இருக்கு. இங்கதான் தண்ணி சும்மா கிடக்கு. இங்கேயே முழுகிட்டு வர்றேன்" என்றார்.

"கொஞ்சம் இருங்க. சிவப்புக் கொடி போட்டிருக்காங்க. என்னன்னு கேட்டுட்டு இறங்கலாம்" என்றார் அத்தை.

"காவிரியில வெள்ளத்துல நீந்தினவன் நான். எனக்கா சொல்றே?"

"ஆறு வேற, கடல் வேற. கேட்கறதுக்குக் காசா பணமா?"

மருமகள் ஓடிப்போய் உயிர்காப்பாளரைக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். மாமா நின்ற இடத்தைக் காட்டி, கையைக் கடலுக்குள் நீட்டி, இழுக்கும் என்று சைகை செய்தார். மாமாவுக்கு அரை மனசு. ஆனாலும் நின்றார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். கல்லூரி மாணவர்கள்போல் தெரிந்த மூன்று பேர் அந்த அமைதியான தண்ணீரில் இறங்கினார்கள். விசில் சத்தம் கேட்டது. இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். மூன்றாவது பையன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கரையைப் பார்த்துக் கையை வீசி நீந்தினான். ஆனால் தூரமாகவே போய்க்கொண்டிருந்தான்.

உயிர்காப்பாளர்கள் இரண்டு பேர் மிதவையோடு பாய்ந்தார்கள். அவனை மிதவையில் பிடிக்க வைத்தார்கள். நேராகக் கரைக்கு வராமல், பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வந்தார்கள். பையன் மணலில் படுத்து உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தான். உயிர் பிழைத்தான். அவனுடைய நண்பர்கள் அழுதார்கள்.

மாமா ஒன்றும் பேசவில்லை. மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அமைதியான தண்ணீர் ஏன் இழுக்கிறது?

அலைகள் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? கடலடி மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வழியாக அது வேகமாகத் திரும்பிப் போகிறது. வயலில் மடை திறந்தால் தண்ணீர் அந்த வழியாகப் பாய்வதுபோலத்தான். இதை இழுப்பு நீரோட்டம் என்கிறோம்.

பள்ளத்தில் ஆழம் அதிகம். அதனால் அங்கே அலை உடைவதில்லை. மேலே பார்த்தால் அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள்.

இந்த நீரோட்டம் ஆளைக் கீழே அமுக்காது. கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதை எதிர்த்து நீந்தினால் கை கால் ஓய்ந்து போகும். அப்படி ஓய்ந்து போவதால்தான் உயிர் போகிறது.

அதில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியவை:

1. பதற வேண்டாம். மல்லாந்து மிதக்கப் பாருங்கள்.
2. ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.
3. நீந்தத் தெரிந்தால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு நின்ற பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

கரையில் நிற்பவர்கள் வெறும் கையோடு குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது உண்டு. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். மிதக்கும் பொருளை வீசுங்கள். 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

சிவப்புக் கொடி என்றால் கடலில் இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர்கள் கவனிக்கிறார்கள். அங்கே மட்டும் குளிக்கலாம். குடித்துவிட்டு எங்கேயும் இறங்கக் கூடாது. நிறத்தைப் படிக்க எந்த மொழியும் தேவையில்லை.

மாலையில் கடற்கரையில் மணல் சிற்பங்களைப் பார்த்தார்கள். ஈர மணலைக் குவித்து, கையாலும் சிறு கருவியாலும் செதுக்குகிறார்கள். பூரியைச் சேர்ந்த சுதர்சன் பட்நாயக் இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்றவர். அவருக்கு 2014-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பூரியின் ஒரு பகுதிக் கடற்கரைக்குத் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உரிய நீலக்கொடிச் சான்று 2020-இல் கிடைத்தது.

இரண்டாம் நாள்: கோயிலும் கோனார்க்கும்

ஜகந்நாதர் கோயில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கட்டத் தொடங்கியவர் கங்க மன்னர் அனந்தவர்மன் சோடகங்கன். அவருடைய தாய் சோழ இளவரசி. பெயரில் உள்ள 'சோட' என்பது 'சோழ' என்பதுதான். இதைக் கேட்டதும் மாமாவின் முகம் மலர்ந்தது.

இங்கே ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரின் உருவங்களும் மரத்தால் ஆனவை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய உருவங்கள் செய்கிறார்கள். கடைசியாக 2015-இல் செய்தார்கள். ஆனி, ஆடி வாக்கில் தேர்த் திருவிழா நடக்கும். மூன்று தேர்களையும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்கிறார்கள். ஜகந்நாதர் தேருக்கு 16 சக்கரம். பலபத்திரர் தேருக்கு 14. சுபத்திரை தேருக்கு 12. தேர் புறப்படும் முன் பூரி மன்னர் தங்கப் பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த் தட்டைப் பெருக்குவார். கடவுள் முன் மன்னரும் ஊழியரே என்பது இதன் பொருள்.

கோயில் மடைப்பள்ளியில் விறகு அடுப்பில் மண் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சோறு சமைக்கிறார்கள். இதை மகாபிரசாதம் என்கிறார்கள். ஆனந்த பஜார் என்ற இடத்தில் விற்கிறார்கள். சாதி பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம்.

கோயிலுக்குள் தோல் பொருள், கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. இந்து அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பூசை செய்து வைக்கிறேன் என்று யாராவது வந்தால், எவ்வளவு பணம் என்று முதலிலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் கை கூப்பி 'வேண்டாம்' என்று சொல்லலாம். அத்தை அப்படித்தான் சொன்னார்.

பிற்பகல் 35 கி.மீ. தூரத்தில் உள்ள கோனார்க் சூரியக் கோயிலுக்குப் போனார்கள். இது 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் கட்டியது. கோயிலே ஒரு தேர்போல இருக்கிறது. 24 கல் சக்கரங்கள், 7 குதிரைகள். உயரமான கோபுரம் எப்போதோ இடிந்துவிட்டது. முன் மண்டபமும் இடிந்துவிடக் கூடாது என்று 1903-இல் உள்ளே மணல் நிரப்பி அடைத்தார்கள். 1984-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒரு வழிகாட்டி சக்கரத்தின் நடுவில் விரலை வைத்தார். நிழல் ஆரத்தின் மேல் விழுந்தது. அதைப் பார்த்து மணி சொன்னார். சக்கரத்தில் 8 பெரிய ஆரங்கள். ஒரு நாளுக்கு 24 மணி. அப்படியானால் ஓர் ஆரத்துக்கும் அடுத்த ஆரத்துக்கும் இடையே எத்தனை மணி? அத்தை நோட்டில் வகுத்துப் பார்த்தார். விடை சரியாக வந்தது.

மூன்றாம் நாள்: ஓவியமும் ஏரியும்

பூரிக்கு அருகே ரகுராஜ்பூர் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊர் முழுக்க ஓவியர் குடும்பங்கள். வீட்டுச் சுவரெல்லாம் ஓவியம். துணியில் வரைவதற்குப் பட்டசித்திரம் என்று பெயர். புளியங்கொட்டைப் பசையால் துணிகளை ஒட்டுகிறார்கள். சுண்ணப் பொடி பூசிக் காயவைக்கிறார்கள். கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். சங்கிலிருந்து வெள்ளை நிறம். விளக்குக் கரியிலிருந்து கறுப்பு. மஞ்சளும் சிவப்பும் கல்லிலிருந்து கிடைக்கின்றன.

ஒரு திண்ணையில் முதியவர் ஒருவர் பனை ஓலையில் எழுத்தாணியால் படம் கீறிக்கொண்டிருந்தார். படத்தின் கீழே ஒடியா எழுத்துகள் வட்ட வட்டமாக இருந்தன. ஓலையில் நீளமாகக் கோடு கீறினால் ஓலை கிழியும். அதனால்தான் ஒடியா எழுத்து வட்டமாக வளர்ந்தது என்று சொல்கிறார்கள். நம் முன்னோரும் ஓலையில்தான் எழுதினார்கள்.

அத்தை தன் நோட்டை நீட்டினார். பெரியவர் அதில் 'பூரி' என்று ஒடியாவில் எழுதிக் கொடுத்தார். அதன் கீழே அத்தை தமிழில் எழுதிக் காட்டினார். பெரியவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிற்பகல் சாதபடா என்ற இடத்துக்குப் போனார்கள். பூரியிலிருந்து சுமார் 50 கி.மீ. அங்கிருந்து சிலிகா ஏரியில் படகில் போகலாம். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் ஏரி இது. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் இதுதான் மிகப் பெரியது. இங்கே ஐராவதி டால்பின்கள் வாழ்கின்றன. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் லட்சக்கணக்கில் வருகின்றன. படகில் மிதவைச் சட்டை கேட்டு அணிய வேண்டும். டால்பினை விரட்டிக்கொண்டு போகும்படி படகோட்டியை வற்புறுத்தக் கூடாது. இந்த முறை மிதவைச் சட்டையை முதலில் கேட்டவர் மாமாதான்.

புயலை மறக்காத மக்கள்

வழியில் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய கட்டடங்களைப் பார்த்தார்கள். அவை புயல் பாதுகாப்பு இல்லங்கள். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2019 மே 3 அன்று ஃபானி புயல் பூரிக்கு அருகேதான் கரை கடந்தது. வீடுகள் விழுந்தன. மரங்கள் சாய்ந்தன. ஆனால் அதற்கு முன்பே 12 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை இறந்தவர்களின் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. எச்சரிக்கையை மக்கள் கேட்டார்கள். அதனால் பிழைத்தார்கள்.

ரயில் ஏறும் முன் அத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: "தெரியாததைக் கேட்டேன். மூன்று பேரும் நல்லபடியாக ஊர் திரும்புகிறோம்."

பேசுவோம்

1. மாமா எந்த இடத்தில் குளிக்க நினைத்தார்? அங்கே என்ன ஆபத்து இருந்தது?
2. உயிர்காப்பாளர்கள் ஏன் நேராகக் கரைக்கு வரவில்லை?
3. உங்கள் ஊர்க் குளம், ஆறு, கிணறு ஆகியவற்றில் ஆபத்தான இடங்கள் எவை? அங்கே எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா?

கணக்குப் போடுவோம்

மூன்று தேர்களுக்கும் சேர்த்து எத்தனை சக்கரங்கள்? (16 + 14 + 12)

எழுதுவோம்

எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் பலகை வைக்கச் சொல்லி, உங்கள் ஊராட்சித் தலைவருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.