கைப்பிடிச் சுவர்



எங்கள் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் ஒரு மாலை வேளையில் வழக்கம்போல் கட்டில் கட்டிலாக நின்று ஜெபித்துக்கொண்டு வந்தேன். ஆறாம் கட்டிலில் இருபத்தொரு வயது வாலிபன் ஒருவன் படுத்திருந்தான். தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் பவர் பிரஸ்ஸில் வலது கையின் நான்கு விரல்களை இழந்து வந்தவன். தலைமாட்டில் அவனுடைய தாயார் நின்றுகொண்டிருந்தார்கள். முப்பது வருஷமாய்ச் சொல்லிவந்த ஆறுதலையே அன்றும் சொன்னேன்: "அம்மா, எல்லாம் ஆண்டவருடைய சித்தம். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்."

அந்தத் தாயார் அழவில்லை. "ஐயா, அந்த மிஷினுக்கு முன்னால ஒரு தடுப்பு இருந்துச்சாம். வேலை சுணங்குதுன்னு கழட்டி வச்சிட்டாங்களாம். கழட்டினது ஆண்டவரா ஐயா?" என்று கேட்டார்கள்.

என்னிடம் பதில் இல்லை. ஜெபிக்காமலே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அன்று இரவு அந்தக் கேள்வியோடு வேதத்தைத் திறந்தேன். அப்போது படித்ததையும், அதன்பின் நடந்ததையும் இந்த இதழின் பாடமாக உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, லூக்கா 13ஆம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை அங்கே பார்க்கிறோம். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்துக்கு நம் ஆண்டவர் இடம் கொடுக்கவில்லை. செய்தியைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். ஒரு விபத்தைக் கேள்விப்படுகிறவர்கள் தங்கள் வழிகளைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். எப்படிச் சோதிப்பது? மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அதற்கு மூன்று சிறிய கட்டளைகள் இருக்கின்றன. நாம் அதிகம் பிரசங்கிக்காத கட்டளைகள் அவை.

1. கைப்பிடிச் சுவர் (உபா. 22:8)

புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும். வைக்காமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது இந்தக் கட்டளை. அந்நாட்களில் மெத்தை என்பது மக்கள் புழங்கும் இடம். ராகாப் வேவுகாரரை ஒளித்து வைத்ததும், பேதுரு ஜெபிக்க ஏறியதும் மெத்தையில்தான். விழுந்தவன் கவனமாக நடந்தானா என்று கட்டளை விசாரிக்கவில்லை. கட்டினவன் சுவர் வைத்தானா என்று மட்டும் கேட்கிறது. மனிதன் என்றைக்காவது கால் தவறுவான் என்பதை அறிந்தே அது கொடுக்கப்பட்டிருக்கிறது.

நம்முடைய பட்டறைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. விபத்து நடந்தவுடன், "கவனமாயிருந்திருக்கலாம்" என்கிறோம். ஒரு ஷிப்டில் ஆயிரம் தடவைக்கு மேல் கையை உள்ளே விட்டு எடுக்கிறவன், ஆயிரத்தோராம் தடவை கண் அசந்தால் அது குற்றமா? பவர் பிரஸ்ஸுக்குச் சுவர் வைக்க வழி உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும்படி செய்யலாம். இரண்டு கையும் பொத்தான்மேல் இருக்கும்போது விரல் அச்சுக்குள் இருக்க முடியாது. இயந்திரத்தைத் துடைக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, உள்ளே கைவைக்கிறவனே சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அப்போது விவரம் அறியாமல் வேறொருவர் சுவிட்சைப் போட்டுவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21ஆம் பிரிவிலேயே, அபாயமான சுழலும் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும், இயந்திரம் ஓடும்போது அது தன் இடத்தில் இருக்கவேண்டும் என்று விதித்தது. கவனமாயிரு என்ற போதனை அவசியமே. ஆனாலும் சுவர் முதலில் வரவேண்டும், போதனை அதற்குப் பிறகு.

என்னைப்போல் சாப்ளினாக இருந்த ஒருவரின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயி லோரென்சோ காஃபின், உள்நாட்டுப் போரில் ஒரு படைப்பிரிவின் சாப்ளினாகப் பணி செய்தவர். 1874இல் ஒரு ரயில்வே தொழிலாளி இரண்டு வண்டிகளைக் கோக்கும்போது விரல்களை இழந்ததை அவர் நேரில் கண்டார். அந்நாட்களில் வண்டிகளுக்கு நடுவே ஆள் நின்று, இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து, ஊசியைச் சொருகவேண்டும். விரல் இல்லாத கை, அனுபவமுள்ள தொழிலாளியின் அடையாளம் என்று சொல்லும் அளவுக்கு அது சகஜமாகியிருந்தது. ஆள் நடுவே நிற்காமல் தானாகக் கோத்துக்கொள்ளும் இணைப்புக்கு ஈலை ஜேனி என்பவர் 1873லேயே காப்புரிமை பெற்றிருந்தார். வழி இருந்தது, செலவு செய்ய மனமில்லை. தொழிலாளரின் அஜாக்கிரதை என்று கம்பெனிகள் சொல்லிவந்தன. காஃபின் பத்திரிகைகளுக்கு எழுதினார், கூட்டங்களில் பேசினார், அதிகாரிகளை விடாமல் சந்தித்தார். 1893 மார்ச்சில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட சட்டத்தால் தானியங்கி இணைப்பு கட்டாயமாயிற்று. அதன் பிறகு அந்த வேலையில் சாவும் ஊனமும் வெகுவாகக் குறைந்தன. தொழிலாளர் அதே மனிதர்கள்தான். சுவர் மட்டும் புதிது.

2. திறந்த குழி (யாத். 21:33, 34)

ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்கு உடையவன் ஈடு செய்யவேண்டும் என்பது இரண்டாவது கட்டளை. இது சாலைக்குப் பொருந்துகிறது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, விளக்கும் தடுப்பும் வைக்காமல் விட்ட பள்ளம் ஒரு திறந்த குழி. பின்விளக்கு எரியாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திய லாரி ஒரு திறந்த குழி. சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டாமல் இருட்டில் ஊர்ந்து போகும் கரும்பு டிராக்டரும் அப்படியே.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்து 1,68,491 பேர் மரித்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறியது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இந்த எண்களில் சிலரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, பாதுகாப்பு அளவுகோல்களைக் கடைப்பிடிக்காமல் சாலை அமைத்து அல்லது பராமரித்து, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. குழிக்கு உடையவன் யார் என்று சட்டமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997 அக்டோபரில் ஒரு தீர்மானம் எடுத்தது. மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது அமைக்கிறவர்களின் கடமை என்பதே அதன் அடிப்படை. எதிரெதிரே வண்டிகள் மோதி அதிகம் பேர் இறந்த சாலைகளின் நடுவே நீளமாக இரும்புக் கம்பித் தடுப்பை நிறுத்தினார்கள். ஓட்டுகிறவர் தூங்கிச் சாய்ந்தாலும் வண்டி கம்பியில் உராய்ந்து நிற்கும். அந்தச் சாலைகளில் மரணம் பெருமளவு குறைந்தது. சாலைக்கு வைத்த கைப்பிடிச் சுவர் அது.

3. முட்டுகிற மாடு (யாத். 21:28, 29)

மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முன்னமே முட்டுகிற மாடாயிருந்து, உடையவனுக்கு அது அறிவிக்கப்பட்டும் அவன் கட்டிவைக்காதிருந்தால், குற்றம் அவன்மேல். முன் அறிவிப்பைக் கேட்டவனின் பொறுப்பு வேறு என்று இந்தக் கட்டளை கற்பிக்கிறது.

போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு விஷவாயு கசிந்து, தூக்கத்திலிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டதை அறிவீர்கள். அந்த மாடு அதற்கு முன்னும் முட்டியிருந்தது. 1981 டிசம்பரிலேயே அதே ஆலையில் விஷவாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982இல் நகரத்துக்கு வரவிருக்கும் ஆபத்தைப் பற்றி எச்சரித்து எழுதினார். கேட்பாரில்லை. கசிவு நடந்த இரவில், வாயுத் தொட்டியைக் குளிர வைக்கும் சாதனம் பல மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரம் பழுதுபார்ப்புக்காக இணைப்புக் கழற்றப்பட்டுக் கிடந்தது. சுவர்கள் கட்டப்பட்டிருந்தன. காவலில்தான் இல்லை.

நம் வீட்டிலும் வேலைத்தலத்திலும் முட்டுகிற மாடுகள் சிறியவை. பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டி, தொட்டால் ஷாக் அடிக்கும் மோட்டார், ஆடுகிற ஏணி. "போன வாரம் மயிரிழையில் தப்பினேன்" என்று யாராவது சொன்னால், ஸ்தோத்திரம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிவிப்பு.

நம்முடைய பங்கு

இதை எழுதும் நான் நீதிமான் அல்ல. என் பேரனை ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நிற்கவைத்து, இருவரும் தலைக்கவசம் இல்லாமல், பல ஞாயிறுகள் ஆலயத்துக்குப் போனேன். பக்கத்தில்தானே என்ற எண்ணம். 2022இல் தலைக்கவசம் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பது இன்று சட்டம். தலைக்கவசம் மரண அபாயத்தை 100க்கு 42 பங்கும், தலைக்காய அபாயத்தை 69 பங்கும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். நாடாவை இறுகக் கட்டினால்தான் அந்தப் பலன்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடுகிறார். குறுக்கே வரும் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி போய்விடும். 40 கிலோமீட்டரில் அதே விநாடிக்கு 11 மீட்டர்தான். இடையிலுள்ள அந்த ஆறு மீட்டரில் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கலாம்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. அசனப் பண்டிகைக்கும் கன்வென்ஷனுக்கும் சரக்கு வண்டியில் ஆட்களை நிறுத்தி ஏற்றிப் போவதை நிறுத்துவோம். பாதயாத்திரை போகிறவர்கள் இரவில் ஒளிர்பட்டை அணியட்டும். இரவுக் கூட்டம் முடிந்து வேன் ஓட்டுகிறவர் பகலில் தூங்கினாரா என்று கேட்போம். பவுலின் நீண்ட பிரசங்கத்தில் ஐத்திகு ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான். தூக்கம் பக்திமான்களுக்கும் வரும்.

அந்தப் பட்டறை

அந்த வாலிபன் வேலை செய்த பட்டறையின் முதலாளி ஒரு சபையின் அங்கத்தினர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருஷந்தோறும் ஸ்தோத்திரக் காணிக்கை அனுப்புகிறவர். நான்காம் நாள் பழங்களோடு வந்தார், பில்லையும் கட்டினார். "பையன் கொஞ்சம் கவனமாயிருந்திருக்கலாம் ஐயா" என்றார். நான் பேசாமல் நின்றேன். காணிக்கை கொடுக்கிறவர் என்பதால் தயங்கினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் பட்டறைக்குப் போய், உபாகமத்தின் அந்த ஒரு வசனத்தை மட்டும் அவரோடு வாசித்தேன். வெகுநேரம் பேசவில்லை. "தடுப்பைப் போட்டால் ஷிப்டுக்கு இத்தனை பீஸ் குறையும் ஐயா" என்றார். நான், "அந்தத் தம்பியின் அம்மா கேட்டதை உங்களிடம் சொல்லவா?" என்று கேட்டு, அப்படியே சொன்னேன்.

கழற்றிய தடுப்புகள் மறுநாளே மாட்டப்பட்டன. ஆறு இயந்திரங்களில் நான்குக்கு இரட்டைப் பொத்தான் வந்துவிட்டது. இரண்டில் இன்னும் கால்மிதிதான். அடுத்த முறை போகும்போது அதையும் கேட்பேன். அந்த வாலிபன் அதே இடத்தில் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறான், இடது கையால். விரல்கள் திரும்பவில்லை. முதலாளி, வாலிபன், தாயார் மூவரின் அனுமதியோடும் இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, உங்கள் காணிக்கைகளால் எங்கள் வார்டில் கட்டில்கள் இருக்கின்றன, நன்றி. அந்தக் கட்டில்கள் காலியாகக் கிடக்கவும் நீங்கள் உதவவேண்டும் என்று இம்முறை கேட்டுக்கொள்கிறேன்.

குடும்ப ஜெபத்திலும் வாலிபர் ஐக்கியத்திலும் சிந்திக்க:

1. நான் கட்டிய, நடத்துகிற, ஓட்டுகிற எதில் கைப்பிடிச் சுவர் இல்லை?
2. நான் திறந்துவிட்டு மூடாத குழி எது?
3. யாராவது எனக்கு அறிவித்தும் நான் கட்டிவைக்காத மாடு எது?
4. இந்த மாதத்திற்குள் இவற்றில் ஒன்றையாவது யார், எந்த நாளில் சரிசெய்வது?

ஆண்டவருடைய பணியில்,
ஆஸ்பத்திரிப் போதகர்