சிக்கு வாடைத் தீவனமும் குஞ்சுகளின் மூளை நோயும்

இரண்டு முதல் நான்கு வார வயதுள்ள கோழிக்குஞ்சுகள், நன்றாகத் தீவனம் எடுத்து வரும்போதே திடீரெனத் தள்ளாடி விழுவதுண்டு. தலை பின்புறமாக வளையும், கால்கள் நீட்டி விறைக்கும், பின்னர் இறந்துவிடும். பலரும் இதை வெள்ளைக் கழிச்சல் என்றே எண்ணுவர். ஆனால் தீவன மூட்டையே காரணமாக இருக்கலாம்.

காரணம்

தவிடு, மீன்தூள் ஆகியவற்றிலுள்ள கொழுப்பு, நாள்பட்டால் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து கெடுகிறது. வைக்கோற்போரில் விழுந்த நெருப்பைப் போல் இக்கேடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். சிக்கு வாடையே இதன் அடையாளம்.

குஞ்சின் உடலிலும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அச்சவ்வு கெட்டால் அணு மடியும். 1922-இல் அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு கண்டறியப்பட்ட ‘ஈ’ உயிர்ச்சத்து, இச்சவ்விலேயே தங்கி, கேடு மேலும் பரவாமல் தடுக்கிறது. செலினியம் அடங்கிய நொதி ஒன்று, ஏற்கெனவே உண்டான நச்சுப் பெராக்சைடுகளைச் சிதைக்கிறது. இத்தகைய காவற்பொருள்களை ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர்.

கெட்ட தீவனத்தால் இரட்டை நட்டம். மூட்டையிலேயே ‘ஈ’ உயிர்ச்சத்து அழிகிறது. குஞ்சின் உடலில் எஞ்சியிருப்பதும் விரைவில் செலவாகிறது. முடிவில் சிறுமூளை மென்மையாகி, இரத்தம் கசிந்து, குஞ்சு நிலைகுலைகிறது.

தடுப்பு முறைகள்

1. ஒரு மாதத் தேவைக்கு மேல் தீவனம் வாங்கி வைக்கக்கூடாது. கோடையில் இன்னும் குறைவாக வாங்கவும்.

2. மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல், மரப்பலகை மேல், ஈரமும் வெயிலும் படாமல் அடுக்கவும்.

3. எண்ணெய் எடுக்காத தவிடு சில நாட்களிலேயே கெடத் தொடங்கும். எண்ணெய் நீக்கிய தவிட்டைப் பயன்படுத்துவது நல்லது.

4. சிக்கு வாடை அடிக்கும் தீவனத்தைப் புதிய தீவனத்துடன் கலந்து தீர்க்க முயலக்கூடாது.

5. தாய்க்கோழியின் ‘ஈ’ உயிர்ச்சத்து முட்டைக்கரு வழியே குஞ்சைச் சேரும். எனவே தாய்க்கோழிக்குக் குதிரைமசால் போன்ற பசுந்தழை கொடுக்கவும்.

6. செலினியம் அளவு மீறினால் நஞ்சாகும். தாமாகக் கலக்கக்கூடாது.

நோய் கண்டால்

இறந்த குஞ்சை உடனே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று பரிசோதித்து, வெள்ளைக் கழிச்சலா அல்லவா என உறுதி செய்துகொள்ளவும். பழைய தீவனத்தை நிறுத்தி, மருத்துவர் கூறும் அளவில் ‘ஈ’ உயிர்ச்சத்து கொடுத்தால், தொடக்க நிலையிலுள்ள சில குஞ்சுகள் தேறக்கூடும். மடிந்த மூளையணுக்கள் மீள்வதில்லை. ஆதலால் மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்க்கும் பழக்கத்தைக் கோழி வளர்ப்போர் அனைவரும் கைக்கொள்வது நலம்.