மலையில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தால்…

1. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடங்கள். ஒரு சுற்று சுமார் 5 கி.மீ. பனி விலகியபின், ஷூ, சாக்ஸோடு போங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது.

2. ஏரிக்கரை பஜ்ஜியையும் ஹோம்மேட் சாக்லேட்டையும் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். குளிருக்குச் சூடாக வேண்டுமா? ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை போதும்.

3. பட்டர் ஃப்ரூட்டைப் பாலும் சீனியும் போட்டு அடிக்காதீர்கள். அரைப் பழத்தில் உப்பு, மிளகு தூவிச் சாப்பிடுங்கள். அதிலிருப்பது நல்ல கொழுப்பு.

4. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு மாற்று என்று மட்டும் நம்பாதீர்கள்.

5. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை, ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று நிறுத்தாதீர்கள். அது நார்மலானதே மாத்திரையால்தான்! 40 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகமில்லாவிட்டாலும் மருத்துவர்கள் இதை எழுதுவதுண்டு. அவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல். தசை வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். கர்ப்பம் என்றால் உடனே தெரிவியுங்கள்.

6. மழைக்காலத்தில் ஒரு வாரத்து மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். மண் சரிந்தால் வத்தலக்குண்டு, பழனி சாலைகள் அடைபடும்.