மடிப்பில் நிற்கட்டும் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் படித்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறாய், நர்சரிக்காரர்களிடம் பூவாளிக்கு ஆர்டரும் பிடித்திருக்கிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்தது. கூடவே ஒரு குறையும் எழுதியிருக்கிறாய். உடல் மடிப்பு அடித்தட்டோடு சேருகிற அந்த ஒரு மூலையில் மட்டும், எவ்வளவு ஈயம் ஓடவிட்டாலும் கசிகிறது. ஈயத்தைக் கூட்டியிருக்கிறாய், ஆசிட்டைக் கூட்டியிருக்கிறாய், கடைசியில் எம்-சீல் பிசைந்து அடைத்துக் கொடுத்திருக்கிறாய். தகர வேலைக்கு இன்று வருகிறவர்களே குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட ஆள் அதைவிடக் குறைவு. உன்னைப் போல இன்னும் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றுதான் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனசில் போட்டுக்கொள். தண்ணீரைத் தடுக்க வேண்டியது மடிப்பு. ஈயம் அதற்குத் துணை. துணைக்கு வந்தவன் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றினால் அவன் தாங்கமாட்டான்.

இது வெறும் நம்பிக்கை இல்லை, ஈயத்தின் குணமே அப்படி. ஈயப்பற்று இரும்போடு ஒப்பிட்டால் மிக மென்மையானது. எடை தொடர்ந்து தொங்கினால், நம் ஊர் வெயிலிலேயே அது மெல்ல மெல்ல இழுபடும். பத்து லிட்டர் பூவாளியில் பத்து கிலோ தண்ணீர். அதைத் தோட்டத்து வேலையாள் ஒரு நாளில் எத்தனை முறை தூக்குவார், எத்தனை முறை தரையில் தொம்மென்று வைப்பார் என்று யோசித்துப் பார். அந்த அதிர்ச்சியைத் தகடு தகட்டைக் கவ்விப் பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஈயத்தின் வேலை, கவ்விய இடத்தில் மிச்சமிருக்கும் மயிரிழைச் சந்தை அடைப்பது மட்டும்.

அந்தச் சந்தும் மயிரிழையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு தகட்டுக்கு நடுவே மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், உருகிய ஈயத்தை அது தானாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அரை மி.மீ. ஆகிவிட்டால் உறிஞ்சாது, ஈயம் மேலே பாலம் போட்டது போல் படுத்துக்கொள்ளும். பார்வைக்குப் பளபளவென்று முழுசாக அடைபட்ட மாதிரி இருக்கும், உள்ளே வெற்றிடம். நீ ஈயத்தைக் கூட்டக் கூட்டப் பாலம்தான் தடிக்கிறது, சந்து அப்படியே இருக்கிறது.

இப்போது உன் மூலைக்கு வருவோம். 24 கேஜ் தகடு சுமார் 0.56 மி.மீ. கனம். உடலின் நெடுமடிப்பில், இரண்டு ஓரமும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக் கவ்வுகிற இடத்தில், நாலு அடுக்குத் தகடு இருக்கிறது. அந்த நாலு அடுக்கையும் சேர்த்து அடியில் வெளிப்பக்கமாக விளிம்பு திருப்புகிறாய். அதன்மேல் அடித்தட்டின் ஓரம் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று சுற்றிக்கொள்கிறது. ஆக மொத்தம் ஆறு அடுக்கு. மற்ற இடமெல்லாம் மூன்றே அடுக்கு. அதாவது சுற்றிலும் 1.7 மி.மீ. கனத்தில் வருகிற மடிப்பு, அந்த இடத்துக்கு வந்ததும் சட்டென்று 3.4 மி.மீ. ஆகிறது. மேட்டில் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் ஒரு முக்கோணப் பொந்து விழுகிறது. கொட்டாப்புளியால் எவ்வளவு தட்டினாலும் அந்தப் பொந்து மூடாது, ஓங்கி அடித்தால் தகடு வெடிக்கும்.

இதற்கு வழி கத்திரியில் இருக்கிறது. தகட்டைச் சுருட்டுவதற்கு முன், மடிப்புக்கு விட்ட ஓரத்தின் அடிமுனையில், விளிம்பு திரும்பப் போகிற உயரம் வரை சாய்வாக வெட்டி எடுத்துவிடு. மடிப்பு போட்ட பிறகு அந்தக் கடைசி நாலைந்து மி.மீ.யில் கொக்கி இருக்காது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு அடுக்குதான் இருக்கும். அடித்தட்டு சுற்றினால் நாலு அடுக்கு. மேடு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, இனி தட்டினால் படியும். ஆனால் கொக்கி முடிந்து வெறும் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னக் கீறல் திறந்து நிற்கும். அதற்கு அடி போடுவதற்கு முன்னாலேயே, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஈயம் வைத்துவிடு. அடி போட்ட பின் அந்தக் கீறலுக்கு எந்தக் கையும் போகாது. பல பேர் இந்த ஒரு படியை விட்டுவிட்டுத்தான் பிறகு மூலையில் ஈயத்தைக் குவிக்கிறார்கள்.

நெடுமடிப்புக்கு எவ்வளவு விடுவது என்று பாடத்தில் படித்திருப்பாய்: மடிப்பின் அகலத்தைப் போல மூன்று பங்கு. 6 மி.மீ. மடிப்புக்கு மொத்தம் 18. மடக்க வேண்டிய கோட்டை நாகம் பூசிய தகட்டில் கீறு ஊசியால் போடாதே, பென்சிலால் போடு. ஊசி கீறிய இடத்தில் நாகப் பூச்சு அறுந்துபோகும். மடிப்பின் முதுகிலேயே துருவுக்கு வாசல் திறந்து கொடுத்த மாதிரி ஆகும்.

அடி விளிம்பு திருப்புவதில் அவசரம் கூடவே கூடாது. 200 மி.மீ. விட்டமுள்ள உடலுக்கு 4 மி.மீ. விளிம்பு எடுத்தால், 628 மி.மீ. இருந்த சுற்றளவு ஓரத்தில் 653 ஆகிறது. அந்த 25 மி.மீ. எங்கிருந்து வருகிறது? தகடு நீண்டுதான் வருகிறது. ஒரே சுற்றில் மடக்கினால் ஓரம் கிழியும். முதல் சுற்றில் கொஞ்சம் சாய், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். உடலைத் திருப்பிக்கொண்டே அடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போக வேண்டும். அடித்தட்டைச் சுமார் 218 மி.மீ. விட்டத்துக்கு வெட்டி ஓரம் நிமிர்த்து. உடல் விளிம்பு அதில் உட்கார்ந்ததும் நிமிர்ந்த ஓரத்தை அதன்மேல் மடக்கிப் படுக்க வை. கடைசியில் மடிப்பு முழுவதையும் மேல்நோக்கித் திருப்பி உடலோடு ஒட்டத் தட்டு. இந்தக் கடைசித் திருப்பலைச் சோம்பலில் சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதே. படுத்த மடிப்பு தரையில் உரசித் திறக்கும், நிமிர்ந்த மடிப்புக்கு எடை ஏற ஏற இறுக்கம்தான் கூடும்.

மடிப்பின் வலிமையைக் கண்ணால் பார்க்க ஆசையா? கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றை எடுத்து, மூடியோரத்தைக் குறுக்கே ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்துப் பார். ஐந்து அடுக்கு தெரியும்: மூடியுடையது மூன்று, உடலுடையது இரண்டு. நடுவில் ரப்பர் போன்ற மெல்லிய பூச்சு. அந்த ஓரத்தில் ஈயம் துளிகூடக் கிடையாது. 1810இல் லண்டனில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவில் உணவை அடைக்கக் காப்புரிமை வாங்கியதிலிருந்து அந்த நூற்றாண்டு முழுக்க டப்பாக்களை ஈயத்தால்தான் பற்றவைத்தார்கள். பிறகு இந்த இரட்டை மடிப்பு வந்தது, ஓரத்தில் ஈயத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சாப்பாட்டு டப்பாவில் காரீயப் பற்றே கூடாது என்று 1995இல் அமெரிக்கா தடையும் போட்டுவிட்டது. நம் கையில் அந்த இரட்டை மடிப்பைப் போடும் எந்திரம் இல்லாததால் நமக்கு ஈயம் இன்னும் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

சரி, ஈயம். பாதி வெள்ளீயம் பாதி காரீயம் கலந்த குச்சி 183 டிகிரியில் இளகத் தொடங்கி, சுமார் 215இல்தான் முழுசாக ஓடும். நடுவில் கூழ்ப் பதம். அறுபது–நாற்பது கலவைக்குக் கூழ்ப் பதம் அநேகமாக இல்லை, சட்டென்று ஓடிச் சட்டென்று இறுகும். நீள மடிப்புக்கு அறுபது–நாற்பது, மூலைக்குப் பாதிக்குப் பாதி என்று இரண்டு குச்சியும் கைவசம் வைத்துக்கொள். இறுகும் நேரத்தில் பாத்திரம் அசையவே கூடாது. அசைந்த பற்று மங்கலாக, மணல் மணலாகத் தெரியும். அதை அப்படியே விடாமல் மறுபடி உருக்கி விடு.

ஆசிட்டைப் பற்றி எழுதியிருந்தாய். நாகம் பூசிய தகட்டுக்குச் சாதா ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டே போதும். தகட்டின் நாகத்தோடு சேர்ந்து அங்கேயே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும். வெள்ளைத் தகரத்துக்கும் பித்தளைக்கும் செம்புக்கும் அப்படிப் போடாதே. நாகத் துண்டுகளைப் போட்டு, குமிழி அடங்கும்வரை விட்டு வைத்த ஆசிட்தான் அவற்றுக்கு. அந்தக் குமிழி ஹைட்ரஜன், தீப்பிடிக்கும். பட்டறைக்கு வெளியே, காற்றோட்டத்தில் வை, பக்கத்தில் பீடி கூட வேண்டாம். எதைப் பூசினாலும் சின்னத் தூரிகையால் மடிப்பில் மட்டும் பூசு. வேலை முடிந்ததும் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் உள்ளும் புறமும் கழுவு. கழுவாமல் கொடுத்த பாத்திரம் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பின்னால் துரு பிடிக்கும். வாங்கிப் போனவர் தகடு மட்டம் என்பார்.

சூட்டில்தான் கைப்பழக்கம் தெரியும். பற்றவைக்கும் கோலின் செப்புத் தலையைக் காய்ச்சும்போது அதைச் சுற்றிச் சுடர் பச்சையாக மாறினால் எடுத்துவிடு. சிவக்கவிட்டால் தலையில் பூசிய ஈயம் கருகிப் போகும், மறுபடி அரம் போட்டு, நவச்சாரக் கட்டியில் தேய்த்து, ஈயம் ஏற்ற வேண்டிவரும். தலையின் தட்டையான முகம் முழுவதும் மடிப்பின்மேல் படியட்டும். முனையால் தொட்டுத் தொட்டு எடுக்காதே. சூடேற வேண்டியது தகடு. தகடு சூடானால் ஈயத்தை நீ தள்ள வேண்டியதில்லை, சூடு இருக்கும் பக்கம் அதுவே ஓடும். அடி மடிப்புக்குப் பாத்திரத்தைச் சாய்த்து வைத்து, உள்ளே ஈயத்துணுக்குகளைப் போட்டு, பற்றுகிற இடம் எப்போதும் கீழ்மட்டத்தில் இருக்கும்படி மெதுவாக உருட்டிக்கொண்டே போ.

மூக்குக்குழாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: அதை வெறும் ஈயத்தில் நிறுத்தாதே. அதைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உடலில் போடும் துளையின் ஓரத்தைத் திருப்பி, குழாயின் ஓரத்தையும் விரித்து உட்காரவை. குழாயிலிருந்து உடலுக்கு ஒரு தாங்கு கம்பியும் வேண்டும். கைப்பிடிக்கு அடிக்கும் ரிவிட் ஒவ்வொன்றும் நீயாகப் போட்ட ஓட்டை, தலைக்கு மறக்காமல் ஈயம் வை.

சோதனைக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைப்பது நல்லதுதான். ஆனால் எனக்கு அது போதாது. சுண்ணக்கட்டிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து மடிப்பின் வெளிப்புறம் பூசிக் காயவிடு. உள்ளே அரை விரல்கடை மண்ணெண்ணெய் ஊற்று, கிடைக்காவிட்டால் டீசல். தண்ணீர் நுழையத் தயங்குகிற சந்திலும் எண்ணெய் நுழையும். வெள்ளையில் கறுப்பாக ஒரு புள்ளி படர்ந்தால் அங்கே ஓட்டை. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துச் சோடா நீரில் கழுவிக் காயவைத்த பிறகே நெருப்புப் பக்கம் கொண்டு போ. ‘சின்னக் கசிவுதானே, பத்து நாள் புழங்கினால் தானே அடைத்துக்கொள்ளும்’ என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அடைப்பது துரு. இந்த வருஷம் அடைத்த துருவே இன்னும் சில வருஷத்தில் அடியைத் தின்றுவிடும்.

கடைசியாக, எந்தப் பாத்திரத்துக்கு எந்த வேலை என்பதில் கண்டிப்பாக இரு. புனல், பூவாளி, எண்ணெய்க் கேனுக்குக் காரீயம் கலந்த பற்று போகலாம். குடிக்கிற தண்ணீர், பால், சமையல் என்றால் காரீயம் ஒரு துளி கூடக் கூடாது. வெள்ளீயத்தோடு செம்பு கொஞ்சம் கலந்த குச்சி கிடைக்கிறது, 227 டிகிரியில் உருகும். விலை கூடுதல், சூடும் கூடுதல், ஓடுவதும் கொஞ்சம் மந்தம். வாங்க வருகிறவரிடம் காரணத்தைச் சொல்லி, அந்த விலையைக் கேட்டு வாங்கு. குறைத்துக் கொடு, பழைய ஈயமே போதும் என்றால் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவது அவர் வீட்டுக் குழந்தைகள். காரீயம் உடம்பில் ஏறுவது அவர்களுக்குத்தான் மிகவும் கெடுதல். அதே போலப் புளி, தயிர், ஊறுகாய்க்கு நாகத் தகட்டில் பாத்திரம் கேட்டாலும் செய்யாதே, புளிப்பு நாகத்தைக் கரைத்துவிடும்.

இன்னொன்று. பட்டறை போட்ட செய்தி பரவியதும் ஒருநாள் யாராவது பழைய பைக்கின் பெட்ரோல் டாங்கைக் கொண்டுவந்து, பொட்டு ஓட்டைதான், ஒரு துளி ஈயம் வை என்பார்கள். காலியாகத் தெரிகிற டாங்கில் நிறைந்திருப்பது பெட்ரோல் ஆவி, வெடிப்பது அதுதான். நன்றாகக் கழுவி, வாய்வரை தண்ணீர் நிரப்பி, ஓட்டை மேல்பக்கம் வரும்படி வைத்து வேலை பார்க்கிற அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித் தரும்வரை, எவ்வளவு தெரிந்தவர் கொண்டுவந்தாலும் அந்த டாங்கை உன் பட்டறைக்குள் விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்