ஔடத தானமும் உயிர்மருத்துவப் பொறியியலும்

நால்வகைத் தானங்களுள் ஒன்று ஔடத தானம். நோயுற்றோர்க்கு மருந்து ஈவதோடு, அவர்க்கு வேண்டிய கருவியை ஆக்கித் தருவதும் இதன்பாற்பட்டதே. 1968-ஆம் ஆண்டில் உருவான ஜெய்ப்பூர்க் கால், சிற்பி இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இணைந்ததன் பயன்.

அத்தகைய இணைப்பையே பாடமாக்கி, மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டுப் பட்டப்படிப்பைச் சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் தொடங்கியது.

‘இத்துறையில் உயிர்வதை உண்டா?’ எனப் பெற்றோர் வினவுவது முறையே. இல்லையென்று நாம் கூறவியலாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பெற்ற செயற்கை இதய வால்வு, அதற்கு முன்னர்ச் செம்மறியாடுகளில் சோதிக்கப்பட்டது.

நம் ஆசாரியர்கள் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நான்காக வகுத்தனர். இல்லறத்தார் முதலாவதை முற்றும் விலக்கி, ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். அறிந்தே ஓருயிரைச் சோதனைக்கு உட்படுத்துவதைத் ‘தொழிலின்பாற்பட்டது’ என்று சொல்லி நாம் அமைதி கொள்ளலாகாது. அதற்காக இத்துறையை விட்டு விலகினால், அவ்வாடுகள் பிழைத்துவிடுமா?

மனித உயிரணுக்கள் வளர்க்கப்பெற்ற சில்லுகளிலும் கணிப்பொறியிலும் சோதிக்கும் முறைகள் இன்று வளர்ந்து வருகின்றன. 2023-இல் திருத்தப்பெற்ற இந்திய மருந்துச் சோதனை விதிகள் அவற்றுக்கு இடமளித்தன. அவற்றைச் செம்மையாக்க, உடலியலும் பொறியியலும் ஒருங்கே கற்றோர் வேண்டும்.

ஆகவே நம் பிள்ளைகள், சேருமுன் செய்முறைப் பாடங்களைக் கேட்டறிக. சேர்ந்தபின் உயிர்வதையற்ற சோதனை முறைகளையே ஆய்வுப் பொருளாகத் தேர்க. அஹிம்சையை ஆய்வுக்கூடத்துள் கொண்டு செல்வதும் அறமேயாம்.