உத்தி பிரிக்கத் தெரிந்தவர்

அன்புள்ள தம்பி,

ஒன்றாம் வகுப்புக்குப் பி.டி. பீரியட் என்றால் மணி அடிக்கும் முன்பே பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். அதே பிள்ளைகளில் சிலர் ஏழாம் வகுப்பில் "வயிற்று வலி சார்" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அதைச் சோம்பல் என்று எழுதிவிட வேண்டாம்.

ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியலாளர் 1970களில் இதைத் துருவிப் பார்த்தார். ஐந்தாறு வயதில் முயற்சியும் திறமையும் பிள்ளைக்கு ஒன்றுதான். வேர்க்க விறுவிறுக்க ஓடியவன் நன்றாக ஓடியவன். கடைசியில் வந்தாலும் அவனுக்குக் குறையில்லை. 11, 12 வயதில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 'உயிரைக் கொடுத்து ஓடியும் தோற்றால் நமக்கு ஓட்டமே வராது என்றுதானே அர்த்தம்?' என்று கணக்குப் போடுகிறது பிள்ளை. ஓடாமலே இருந்துவிட்டால் அந்த உண்மை வெளியே வராது. வயிற்று வலி பிறக்கும் இடம் இதுதான்.

சரிவு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் சில நூறு பிள்ளைகளின் அசைவை 7 வயது முதல் 15 வயது வரை கருவி கட்டி அளந்தார்கள். ஓட்டமும் ஆட்டமும் வயதுக்கு வந்த பிறகு குறைவதாகத்தான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். 2017இல் வந்த முடிவோ, ஆண், பெண் இரு பாலாரிலும் 7 வயதிலிருந்தே இறங்குமுகம் என்றது. ஆகவே ஆறாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

மைதானத்தில் நாம் பழக்கத்தால் செய்யும் சிலவும் அந்தக் கணக்குக்குத் துணைபோகின்றன. 'அவுட்' ஆனவன் உட்கார வேண்டும் என்ற விதியால், அதிகம் ஆட வேண்டிய பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது. தாமதமாக வந்தவனை மூன்று சுற்று ஓடவிட்டால், ஓட்டம் தண்டனை என்று வகுப்பே படித்துக்கொள்கிறது.

இதற்கு மாற்று வழியும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங்கில் ஒரு தொடக்கப்பள்ளி 2012இல் தினமும் 15 நிமிடம் ஓடும் வழக்கத்தைத் தொடங்கியது. போட்டி கிடையாது. சீருடையோடே ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் அணி சேர 'உத்தி பிரித்தல்' என்ற ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி தலைவர்களிடம் வருவார்கள். தலைவர் பெயரைத்தான் கேட்பார். ஆள் எவர் என்று தெரியாது. கடைசியாக மிஞ்சி நின்று கூசிப்போகும் பிள்ளை அங்கே இல்லை.

திங்கட்கிழமை அணி பிரிக்கும்போது, இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லாதீர்கள் தம்பி. உத்தி பிரிக்கச் சொல்லுங்கள். மரத்தடியில் இருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு ஜோடி வேண்டுமே, அவர்களையும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
மூத்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்